அத்தியாயம் 6: கல்யாணத்தை நடத்தி வைப்பவர்

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு சம்பந்தம் கூடியதும் வீட்டில் முதலில் மண்டபம் பேசுவார்கள். அடுத்து சமையல்காரர், பிறகு ஜவுளி, நகை, பத்திரிகை, போட்டோகிராபர். நடத்தி வைக்கப்போகிறவரைப் பற்றிய பேச்சு கடைசியாக வரும், வந்த வேகத்தில் முடிந்தும் விடும்: "நம்ம ஐயர்கிட்டச் சொல்லிட்டாப் போச்சு." ஆறு மாதம் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற குடும்பம், மேடையில் தங்கள் பிள்ளைகளுக்காக வாய் திறக்கப்போகிறவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதில்லை. என்ன சொல்லப்படும், யார் எதைச் செய்வார்கள், அது யாருக்குப் புரியும் என்பதெல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது. மண்டபத்துக்கு நாள் கேட்கும்போதே அவருக்கும் நாள் கேளுங்கள். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் மண்டபம் கிடைத்துவிடும்; பொறுமையாக நடத்தி வைக்கிற ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

சட்டம் கேட்பது எவ்வளவு

"இதைச் செய்யாவிட்டால் கல்யாணமே செல்லாது" என்று மேடையில் ஒருவர் சொன்னால் இரண்டு வீட்டாரும் வெலவெலத்துப் போகிறார்கள். எனவே சட்டத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 7ஆம் பிரிவில் சொல்வது இதுதான்: மணமகன், மணமகள் இருவரில் யாராவது ஒருவருடைய வழக்கப்படி உள்ள சடங்குகளோடு கல்யாணம் நடக்கலாம். தீயின் முன் ஏழடி வைக்கும் சப்தபதி அந்த வழக்கத்தில் இருந்தால், ஏழாவது அடியில் கல்யாணம் முழுமை பெறும். அந்த வழக்கம் இல்லாதவர்களுக்கு அது கட்டாயமில்லை.

தமிழ்நாட்டுக்கென்று 7-அ என்ற பிரிவும் இருக்கிறது. உறவினர், நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரை ஒருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஒன்று நடந்தாலே திருமணம் செல்லும். புரோகிதர் இருந்தாக வேண்டும் என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. புரியும் மொழி என்ற சொல் சேலத்துக்கு ரொம்பவும் பொருந்தும். வீட்டுக்குள் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசுகிற நெசவுக் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்கள் தங்கள் வீட்டு மொழியிலேயே உறுதி சொல்லலாம்.

இந்தப் பிரிவு எளிதில் வந்துவிடவில்லை. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த திருமணத்தை முதல் சுயமரியாதைத் திருமணமாகச் சொல்வார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் அந்த முறையில் மணம் செய்துகொண்டார்கள். 1950களில் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அந்த முறையில் நடந்த திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்த ஊர் சேலம். தாத்தா பாட்டி காலத்திலேயே இப்படிக் கல்யாணம் செய்த குடும்பங்களை இந்த மாவட்டங்களில் பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் அவரிடம் போய்க் கேளுங்கள்.

ஆக, சட்டப்படி மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இருவரும் மனமார ஒப்ப வேண்டும். வழக்கமான சடங்கோ 7-அ சொல்லும் செயலோ உண்மையில் நடக்க வேண்டும். மற்றவற்றில் பெரும்பாலானவை நீங்கள் தேர்ந்தெடுப்பவை. தேர்ந்தெடுப்பவை என்பதால் லேசானவை என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வதும் அந்த இடத்தில்தான்.

அருமைக்காரர்

கொங்கு வேளாளர் வீடுகளில் சீர்களை முன்நின்று நடத்துகிறவர் அருமைக்காரர். கூடவே அருமைக்காரி. இவர்கள் புரோகிதம் படித்து வந்தவர்கள் அல்லர். அந்தச் சமூகத்திலேயே மணமாகி, பிள்ளை பெற்று, துணையோடு வாழ்ந்து, அதற்குரிய சீரைச் செய்துகொண்டதால் இந்தத் தகுதி பெற்ற பெரியவர்கள். பெண்களுக்கு அந்தச் சீரின் பெயர் எழுதிங்கள். முகூர்த்தக்கால் நடுவதில் தொடங்கி, மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இணைச்சீர், இருவர் கையையும் சேர்த்து வைக்கும் கைகோர்வை என்று ஒவ்வொன்றையும் எப்போது, யார், எந்தத் திசை பார்த்துச் செய்வது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

பிள்ளை பெற்ற மகளிர் மணப்பெண்ணை வாழ்த்தி நடத்தும் கல்யாணம் தமிழில் மிகப் பழையது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் வரும் கல்யாணத்தில் மந்திரமும் இல்லை, வேள்வித் தீயும் இல்லை. பந்தலில் மணல் பரப்பியிருக்கிறது, விளக்கு எரிகிறது, உளுந்து கலந்த சோறு பரிமாறுகிறார்கள், மக்களைப் பெற்ற நான்கு பெண்கள் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். அருமைக்காரி தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுக்கும்போது எனக்கு அந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வரும். சிலப்பதிகாரத்தில் கோவலன், கண்ணகி திருமணத்தில் தீவலமும் உண்டு, முதுபார்ப்பானும் உண்டு. இரண்டு வழியும் நம் பழைய நூல்களில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தவர் மற்றதைப் பழிக்க வேண்டியதில்லை.

அருமைக்காரரை அழைக்க நினைத்தால் மூன்று மாதம் முன்பே அவர் வீட்டுக்குப் பெரியவர் ஒருவரோடு நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். போனில் சொல்வது இந்தக் காரியத்துக்குச் சரிப்படாது. இன்று எல்லா வீட்டிலும் எழுதிங்கள் செய்வதில்லை. அருமைக்காரியைத் தேடுவதற்குக் கூடுதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சீரும் வேண்டுமா, சிலது போதுமா என்பதை அப்போதே பேசிவிடுங்கள். முழுதாகச் செய்தால் முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் வரை நீளும். மண்டபக்காரர் தரும் நேரம் அதற்குப் போதாது. சில சீர்களை வீட்டிலேயே முடித்துவிட்டு மண்டபத்துக்கு வருவது நல்ல ஏற்பாடு.

மங்கல வாழ்த்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். கல்யாணம் நடக்கும் விதத்தை ஆரம்பம் முதல் வரிசையாகச் சொல்லி வாழ்த்தும் நீண்ட பாட்டு அது. கம்பர் பாடிக் கொடுத்தது என்பது கொங்கு நாட்டு நம்பிக்கை. நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதை மனத்தில் வைத்துக் காத்து வருகிறார்கள். அவர் பாடும்போது பேண்டு வாத்தியம் ஒருபக்கம், போட்டோகிராபரின் "இங்க பாருங்க" ஒருபக்கம், பந்திக்கு அழைப்பு ஒருபக்கம் என்று நடப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. அவருக்குத் தனி மைக் கொடுங்கள், உட்கார நல்ல இடம் கொடுங்கள், பாடி முடிக்கும்வரை மேளத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கான மரியாதையைக் கடைசியில் ஓரமாக வைத்துத் தராமல் மேடையிலேயே மணமக்கள் கையால் கொடுங்கள்.

ஐயர், ஓதுவார், தலைமை தாங்குபவர்

ஐயரை வைத்து நடத்துவதானால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அன்று காலை வேறு கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்பது. பெரிய முகூர்த்த நாளில் ஒரே காலையில் இரண்டு மண்டபம் போகிறவர்கள் உண்டு. அடுத்த மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டியவர் உங்கள் பிள்ளையின் கல்யாணத்தை ஓட்டமாகத்தான் முடிப்பார். இரண்டாவது கேள்வி, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்கிறோம் என்பதைத் தமிழில் இரண்டு வரி சொல்வாரா. பலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். கேட்பவர் இல்லாததால்தான் சொல்லாமல் விட்டிருப்பார்கள். ஐயரும் அருமைக்காரரும் சேர்ந்து நடத்துகிற கல்யாணமும் இங்கே சகஜம். அப்படியென்றால் இருவரையும் ஒருநாள் உட்கார வைத்து எது முன்னால், எது பின்னால் என்று எழுதிக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டால் மணமக்கள் திண்டாடிப் போவார்கள்.

தமிழ் வழியில், இறைவனைப் பாடிச் செய்ய விரும்புகிறவர்கள் ஓதுவாரையோ சிவனடியார் ஒருவரையோ அழைக்கலாம். தேவாரம், திருவாசகப் பதிகங்களைப் பாடி, திருக்குறள் வாசித்து, மாலை மாற்றி, தாலி கட்டுவது இந்த முறை. இந்தப் பகுதிக்கு இதில் தனி உரிமையே இருக்கிறது. திருச்செங்கோட்டு மலைதான் தேவாரத்தில் வரும் கொடிமாடச் செங்குன்றூர். அடியாரைப் பிடித்த குளிர்சுரம் தீரச் சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடியதாகச் சொல்லப்படும் தலம் அது. ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் மணம் முடிக்க வேண்டும் என்று பலர் ஆசைப்படுவது இயல்புதான். கோயிலில் நடத்துவதானால் ஒரு மாதம் முன்பே கோயில் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் திருமணச் சான்று எல்லாம் கேட்பார்கள். கடைசி வாரத்தில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைய வேண்டாம்.

சுயமரியாதை முறையில் தலைமை தாங்குபவர் கட்சிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மணமக்களுக்குப் பள்ளியில் பாடம் சொன்ன ஆசிரியை, தறிப்பட்டறையில் கூட வேலை பார்த்த பெரியவர், அத்தை, நூலகர், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பேர் பெற்ற ஒருவரைப் பத்திரிகையில் போட்டுவிட்டு அவர் வருவாரா என்று வாசலைப் பார்த்து நிற்பதைவிட, மணமக்களை அறிந்த ஒருவர் எவ்வளவோ மேல். வாழ்த்துரைக்கு மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உறுதிமொழி முதலில், வாழ்த்துரை பிறகு. பேச்சு நீண்டு, பசியோடு கூட்டம் கலைந்த பிறகு மணமக்கள் உறுதி சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கிறிஸ்தவத் திருமணத்துக்குத் திருச்சபையும் நிக்காஹுக்கு ஜமாஅத்தும் தங்கள் ஒழுங்கை வைத்திருக்கின்றன. அங்கே ஜெபம் எது, பாட்டு எது, வாழ்த்துரை யார் என்பதில்தான் நீங்கள் சேர்க்க இடம் உண்டு. போதகரையோ ஹஜ்ரத்தையோ முன்பே பார்த்துக் கேளுங்கள்.

அம்மா எங்கே உட்காருவார்

யாரை அழைத்தாலும் நேரில் பேசித் தீர்க்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. மணமகளுக்கோ மணமகனுக்கோ அப்பா இல்லை என்றால் அம்மாவை என்ன செய்யப்போகிறார்கள்? தனியாக நின்று பிள்ளையை வளர்த்து, சீட்டுப் போட்டு நகை சேர்த்து, மண்டபத்துக்கும் தானே அலைந்த பெண், முகூர்த்த நேரத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்பதை நம் ஊர்களில் இன்றும் பார்க்கிறோம். தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பா சித்தியைத் தேடுவார்கள். கல்யாணத்தை உங்கள் மனம்போல் அமைப்பது என்றால் முதலில் இதை மாற்றுங்கள். பூ அலங்காரமும் மணமேடை வர்ணமும் அதற்குப் பிறகு வரட்டும்.

கேட்கும் விதமும் முக்கியம். மேடையில் வைத்துக் கேட்டால் அவமானமாகிவிடும், முதல் சந்திப்பிலேயே பணிவாக, ஒளிவில்லாமல் கேளுங்கள்: "ஏனுங்க பெரியப்பா, அம்மாதான் எங்களுக்கு எல்லாமே. தாலியத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணி அம்மா கையில இருந்துதான் எடுத்துக் குடுக்கோணும்னு ஆசைப்படறோம். உங்களுக்கு அதுல ஏதாச்சும் சங்கடம் இருக்குங்களா?" சிலர் உடனே "தாராளமாச் செய்யலாம் சாமி" என்பார்கள். சிலர், சீர் செய்ய வேண்டாம், ஆசீர்வாதம் மட்டும் பண்ணட்டும் என்பார்கள். அருமைக்காரி துணையோடு வாழ்பவராக இருக்க வேண்டும் என்ற முறையைக் காரணம் காட்டுவார்கள். அந்த முறை சீரை நடத்துகிறவருக்கு உரியது. பெற்றவளை விலக்கி வைக்க அதைக் காட்ட வேண்டியதில்லை என்று சொல்லிப் பாருங்கள். கடைசிவரை ஒப்பாதவரிடம் நன்றி சொல்லி விடைபெற்று வேறு ஒருவரைத் தேடுங்கள். அதற்குத்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறேன். இதை அம்மாவிடமும் தனியாகப் பேச வேண்டும். "எனக்கெதுக்கு கண்ணு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று அவரே பின்வாங்குவார். இரண்டு மூன்று முறை பேசித் தைரியம் சொல்ல நாள் வேண்டும்.

உறுதிமொழி எழுதுவது

7-அ பிரிவின்படி நடத்துகிறவர்களுக்கு உறுதிமொழிதான் உயிர். ஐயரோ அருமைக்காரரோ நடத்தினாலும், தாலி கட்டிய பிறகு இருவரும் இரண்டு நிமிடம் பேச இடம் கேட்டு வாங்கலாம். முதல் வரி தெளிவாக இருக்கட்டும்: "மாணிக்கத்தின் மகன் நான், உன்னை என் மனைவியாக மனமார ஏற்றுக்கொள்கிறேன்" என்பதுபோல. அதே வரியை மணமகளும் தன் பெற்றோர் பெயரோடு, "என் கணவராக" என்று சொல்ல வேண்டும். கணவர், மனைவி என்ற சொற்களை விட்டுவிட்டு வெறும் கவிதையாக எழுதாதீர்கள். சட்டம் தேடுவது அந்தச் சொற்களை. நீயா, நீங்களா என்பதை இருவரும் பேசி முடிவு செய்து, இருவரும் ஒன்றையே சொல்வது நல்லது என்பேன். ஒருவர் நீங்கள் என்றும் மற்றவர் நீ என்றும் சொல்லித் தொடங்குகிற உறுதிமொழியில் சமம் எங்கிருந்து வரும்?

அடுத்த வரிகள் உங்கள் வாழ்க்கையிலிருந்து வரட்டும். "மாசத்துல பாதி நாள் லாரியோட வெளியூர்ல இருப்பேன், எங்க இருந்தாலும் ராத்திரி உங்கிட்டப் பேசாமத் தூங்கமாட்டேன்." "எங்க அப்பா அம்மாவக் கடைசிவரைக்கும் நான் பாத்துக்குவேன், உங்க அப்பா அம்மாவையும் அப்படியே பாத்துக்குவேன்." "என் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு உங்கிட்ட எப்பவும் மறைக்கமாட்டேன்." இந்த அளவு போதும். சினிமா வசனம் போல எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போகாதீர்கள். எழுதியதைத் தலைமை தாங்குபவரிடம் ஒரு வாரம் முன்பே காட்டுங்கள். அன்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாக வரும் என்று நம்பி மேடையேறினால், கூட்டத்தைப் பார்த்ததும் மறந்துபோகும்.

ஊர்ப் பொருள்களையும் இதில் சேர்க்கலாம். சேலம் வெண்பட்டு வேட்டி, பரமத்தி வேலூர் வெற்றிலை, விளக்குக்கு ராசிபுரம் நெய் என்று பக்கத்திலேயே எல்லாம் விளைகிறது, நெய்யப்படுகிறது. நடத்தி வைப்பவர் தரும் சாமான் பட்டியலை முன்பே வாங்கி, யார் எதைக் கொண்டு வருவது என்று பெயர் எழுதி வையுங்கள்.

சாதி கடந்த கல்யாணம்

சாதி கடந்து மணப்பவர்களுக்கு வழக்கமான பெரியவர்கள் பலர் வரமாட்டார்கள். அதைக் கேட்டுக் கேட்டு மனம் ஒடிய வேண்டாம். 7-அ உங்களுக்காகவும் இருக்கிறது. இந்தத் திருமணம் ஊரறிய நடந்தால்தான் செல்லும் என்ற கருத்தை 2023இல் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நம்பிக்கையான நண்பர்கள் சிலர் முன்னிலையில் நடந்தாலும் செல்லும். வழக்கறிஞர் ஒருவர் நண்பராகவோ உறவாகவோ சாட்சி நிற்கலாம், தொழிலாக நடத்தி வைக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மதம் வேறானால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்: 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சிகள். மிரட்டல் இருந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். 2018இல் சக்தி வாஹினி வழக்கில் இத்தகைய இணையருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவி பற்றி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள்.

பதிவு

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் அடுத்த 60 நாளுக்குள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். கல்யாணம் நடந்த இடத்துக்கு உரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டு விசாவுக்காகச் சான்றிதழை முதலில் வாங்கிவிட்டுச் சடங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் மட்டும் திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனவே மேடையிலேயே ஆதாரம் சேர்த்துவிடுங்கள். தாலி கட்டும் படம், மாலை மாற்றும் படம், உறுதிமொழி சொல்லும் வீடியோ, பத்திரிகை இரண்டு பிரதி. நடத்தி வைத்தவரின் பெயர், முகவரி, கையெழுத்தை அவர் சாப்பிடப் போவதற்கு முன் வாங்கிவிடுங்கள். அவர் வெளியூர்க்காரரானால் பிறகு பிடிப்பது கஷ்டம். இந்த வேலையை மணமக்களிடம் விடாமல், பொறுப்பான தம்பியோ தங்கையோ ஒருவரிடம் ஒரு பையோடு ஒப்படையுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், தேதி, ஊர் மூன்றையும் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டு அலுவலகத்திலேயே நின்று வாசித்துப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே சொல்லித் திருத்தக் கேளுங்கள்.